டைமிங் வைக்க மூன்றரை மணித்தியாலம்: பாலையூற்றுக் கராஜ் ஒன்றில் என் மொறிஸ் மைனர்

பழைய காபரேட்டர் காருக்கு டைமிங் வைத்துத் தரும்படி, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தைச் சரிசெய்து தரும்படி, திருகோணமலையில் கேட்டால், பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் இறுக்கியைத் தளர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டபடி இடமும் வலமும் திருப்பிப் பார்த்து, பத்து நிமிடத்தில் "சரி, கொண்டு போங்கோ" என்று அனுப்பிவிடுவதே பெரும்பாலும் வழக்கம். பாலையூற்றுப் பக்கம் ஒழுங்கை ஒன்றுக்குள் பெயர்ப் பலகையும் இல்லாமல் இயங்கும் சிறிய கராஜில் அதே வேலைக்கு மூன்றரை மணித்தியாலம் எடுத்தார்கள். அந்த நேரத்தில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவதற்குச் செலவானது ஐந்து நிமிடம்கூட இராது. மற்ற நேரமெல்லாம் எதற்குப் போனது, அதற்குக் கொடுத்த காசு தகுமா என்பதையே இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 1964ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காருக்கு 1962இலிருந்து 1098 சி.சி. எஞ்சின் கிடைத்தது, அந்த எஞ்சினும், ஒற்றை எஸ்.யு. காபரேட்டரும், பொயின்டும் (திறக்கும்போது பொறியை உண்டாக்கும் தொடுமுனைகள்) கண்டென்சரும் உள்ள லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரும் இன்றுவரை மாற்றப்படாமல் என் காரில் இருக்கின்றன. அப்பா ஓட்டிய கார் என்பதால் விற்க மனமில்லை. ஆனால் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு இருப்பதால் உப்புக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதோடு புழுதியும் சேர்ந்துகொள்ளும்.

சென்ற வருடம் நகரத்திலுள்ள வேறொரு கராஜில், கார் இழுவை குறைவாக இருக்கிறது என்று சொல்லி டைமிங் வைக்கக் கொடுத்தேன். அவர்கள் எஞ்சின் எந்த இடத்தில் மிக வேகமாகச் சுழல்கிறதோ அந்த இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கிவிட்டார்கள். நின்ற இடத்தில் கேட்கும்போது எஞ்சின் இனிமையாகத்தான் ஓடியது. மறுநாள் கோணேசர் கோயிலுக்குப் போகும்போதே உண்மை தெரிந்தது. பிரட்ரிக் கோட்டை வாசலைக் கடந்ததும் மான்கள் வீதியில் நிற்கும். அவற்றுக்காக வேகத்தைக் குறைத்து, மூன்றாம் கியரிலேயே மெதுவாக ஏற்றத்தைத் தொடங்கினால், தகரப் பேணிக்குள் கச்சான் கொட்டையைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் எஞ்சினுக்குள் இருந்து வந்தது. மேலே நிறுத்தி, கும்பிட்டுவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால், சூடாயிருந்த எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் திணறியது. திரும்பிப் போய்ச் சொன்னபோது கிடைத்த பதில், "ஒக்டேன் 95 அடியுங்கோ" என்பதுதான். அடித்தேன். சத்தம் ஓரளவு அடங்கியது, காசு கரைந்தது, ஸ்டார்ட்டர் திணறுவது மட்டும் மாறவில்லை.

அவர்கள் செய்தது ஏன் பிழை என்பதை விளங்கிக்கொள்ள, பொறி எப்போது விழ வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டும். காற்றும் பெற்றோலும் கலந்த கலவை, பொறி விழுந்த அந்தக் கணத்திலேயே முழுவதும் எரிந்து முடிவதில்லை. தீ பரவுவதற்குச் சிறிது நேரம் வேண்டும். ஆகவே பிஸ்டன் மேலே உச்சப்புள்ளியை அடைவதற்குச் சில பாகைகள் முன்னரே பொறி விழ வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கிய பின் அமுக்கம் உச்சத்துக்கு வந்து அதைத் தள்ளும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது அதே நேரத்துக்குள் கிராங்க் அதிக பாகை திரும்பிவிடும் என்பதால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள இரண்டு எடைகள் வெளியே விரிந்து பொறியை இன்னும் முன்தள்ளுகின்றன. ஐட்லிங்கில், அதாவது காலை எடுத்து நின்ற இடத்தில் ஓடவிடும்போது, சிலிண்டருக்குள் நுழையும் கலவை மிகக் குறைவு. அது மெதுவாகவே எரியும். ஆகவே பொறியைச் சரியான இடத்தைத் தாண்டி முன்தள்ளினாலும், ஓர் எல்லை வரை அந்த நிலையில் எஞ்சின் இன்னும் வேகமாகவே ஓடிக் காட்டும். அந்த வேகத்தை நம்பி டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கினால், அதன் மேல் எடைகள் தரும் முன்தள்ளலும் சேரும். ஏற்றத்தில் சிலிண்டர் நிறையக் கலவை வரும்போது அந்தப் பேணிச் சத்தம், அதாவது நொக்கிங், வராமல் என்ன செய்யும்? சூடான எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது, மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனையே எரிதல் திருப்பி அடிக்கும். அப்பா கைப்பிடி போட்டு ஸ்டார்ட் செய்யும் நாட்களில், பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும், கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வார். அதன் காரணம் எனக்கு இப்போதுதான் முழுமையாக விளங்கியது.

பாலையூற்றுக் கராஜைச் சொன்னவர் மூதூரில் பழைய டொயோட்டா கொரோலா வைத்திருக்கும் நண்பர். அங்கே இருப்பது தகரக் கூரை, ஒரு குழி, ஒரு மேசை. வேலை செய்பவர்கள் அறுபதைக் கடந்த மெக்கானிக் ஒருவரும் அவருடைய மருமகனும். அவரை எல்லோரும் பாஸ் என்றே அழைக்கிறார்கள்; நான் அண்ணன் என்று அழைத்தேன். முதலில் அவர் எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. எந்த ஏற்றத்தில், எந்தக் கியரில், என்ன வேகத்தில் சத்தம் வருகிறது, எந்தப் பெற்றோல் அடிக்கிறேன், சூட்டில் ஸ்டார்ட்டர் எப்படிச் சுற்றுகிறது என்று வரிசையாகக் கேட்டார். நோயாளியைப் போலப் பதில் சொன்னேன்.

அடுத்து, எதையும் தொடுவதற்கு முன்னரே, இருக்கும் நிலையை, பொறி விழும் ஒவ்வொரு முறையும் மினுக்கும் டைமிங் லைட்டால் அளந்தார். கிளிப்பை ஒன்றாம் பிளக்கின் வயரில் மாட்டி, காபரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்கம் (உறிஞ்சல்) குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்தார். இந்தக் காரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு பூட்டப்பட்டிருக்கிறது. அதைக் கவனிக்காமல் கறுப்புக் கிளிப்பைப் பழக்கதோஷத்தில் உடலில் மாட்டுபவர்களை நான் கண்டிருக்கிறேன். இவர் இரண்டு கிளிப்பையும் நேராகப் பற்றரி முனைகளிலேயே மாட்டினார். அந்த மொறிஸ் எஞ்சினில் டைமிங் குறிகள் மேலிருந்து பார்க்கத் தெரியாது. முன்மூடியின் அடியில் மூன்று பற்கள் இருக்கும், நீண்டது உச்சப்புள்ளி, மற்ற இரண்டும் அதற்கு முன் 5 பாகை, 10 பாகை. ஆகவே சாரத்தை இறுக்கி மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். புல்லியின் வெட்டுக்குறியில் மருமகன் டிப்பெக்ஸ் ஒரு பொட்டு வைத்தான். விசிறி சுழல்வது மினுக்கும் ஒளியில் நிற்பது போலத் தெரியும், கையை நீட்டிவிடாதே என்று அவனுக்கு ஒவ்வொரு முறையும் சொன்னார். என்னையும் கீழே கூப்பிட்டுக் காட்டினார்: வெள்ளைப் பொட்டு 10 பாகைப் பல்லையும் தாண்டி நின்றது. அதுவும் ஒரே இடத்தில் நிற்கவில்லை, அங்குமிங்கும் துள்ளியது.

துள்ளலைப் பார்த்தவுடன் லைட்டை அணைத்துவிட்டார். முதலில் குறியே சரியா என்று பார்க்க வேண்டும், பிறகு ஏன் துள்ளுகிறது என்று பார்க்க வேண்டும், டைமிங் அதற்குப் பிறகுதான் என்றார்.

குறியைச் சரிபார்த்த விதம் எனக்குப் புதியது. நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, உள்ளே குடைந்து போல்ட் ஒன்றை வெல்ட் செய்து வைத்திருந்த பழைய பிளக் ஒன்றை ஒன்றாம் சிலிண்டரில் பூட்டினார். கைப்பிடியால் எஞ்சினை மெல்லச் சுற்ற, பிஸ்டன் ஏறி வந்து அந்தப் போல்ட்டில் முட்டி நின்றது. அந்த இடத்தில் நீண்ட பல்லுக்கு நேரே புல்லியில் சோக்கால் ஒரு கோடு. கைப்பிடி ஒரு திசைக்குத்தான் பிடிக்கும் என்பதால், மற்றத் திசைக்கு நான்காம் கியரில் போட்டுக் காரைப் பின்னால் தள்ளினோம். பிஸ்டன் மறுபக்கத்தால் வந்து முட்டியதும் இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடு எதுவோ அதுதான் உண்மையான உச்சப்புள்ளி. என் காரில் வெட்டுக்குறி அந்த நடுவிலேயே இருந்தது. எல்லாக் கார்களிலும் அப்படி இருப்பதில்லை: ரப்பர் இணைத்த புல்லிகளில் ரப்பர் விட்டு வெளிவளையம் நழுவியிருந்தால், எவ்வளவு நல்ல லைட் பிடித்தாலும் பிழையான இடத்துக்குத்தான் டைமிங் வைக்க நேரும். இதற்கு அரை மணித்தியாலம் போனது. என் காரைப் பொறுத்தவரை அது ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்வதற்கான அரை மணித்தியாலம்தான். ஆனாலும் அது வீண் என்று நான் நினைக்கவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தபோது உள்முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பொயின்டின் ஒரு முகத்தில் சிறு குன்றும் மறுமுகத்தில் அதற்கேற்ற குழியும் விழுந்திருந்தன. இந்த நிலையில், இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜைச் செருகினால் அது குன்றின் மேல் உட்கார்ந்து பொய்யான இடைவெளியைக் காட்டும். புதிய பொயின்ட் பூட்டி, கையேடு சொல்லும் 14 முதல் 16 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையான எல்லைக்குள் 15இல் வைத்தார். பொயின்டை முதலில் செய்யாமல் டைமிங் வைப்பதில் அர்த்தமே இல்லை என்பதை அவர் நன்றாக விளக்கினார்: இடைவெளி கூடினால் பொயின்ட் முந்தித் திறக்கும், பொறி முந்தி விழும், இடைவெளி குறைந்தால் பிந்தும். அதாவது டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாமலே டைமிங் மாறிவிடும்.

துள்ளலுக்கான காரணம் அதற்கும் கீழே இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரை விரலால் முறுக்கி விட்டால் அது சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். என்னுடையது பாதி வழியில் சோம்பி நின்றது. எடைகளை இழுத்துப் பிடிக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று நீண்டு தளர்ந்திருந்தது. வேக்கம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். பொயின்ட் பூட்டிய தட்டு அசையவில்லை. மறுபடி உறிஞ்சி, குழாயின் வாயை நாக்கால் அடைத்து வைத்தார், காற்று இறங்கவில்லை. ஆகவே உள்ளே உள்ள சவ்வு கிழியவில்லை, தட்டுத்தான் காய்ந்த கிரீசில் ஒட்டிப் போயிருக்கிறது. பெற்றோலில் கழுவி, இரண்டு துளி எண்ணெய் விட்டு, மறுபடி உறிஞ்சியபோது தட்டு நகர்ந்து திரும்பியதை என்னையும் பார்க்கச் சொன்னார். பல வருடங்களாக என் காரில் வேக்கம் முன்தள்ளலே வேலை செய்யவில்லை என்பது அப்போது தெரிந்தது. காலை இலேசாக வைத்து ஓட்டும்போது கலவை மெலிந்து மெதுவாக எரியும். அந்த நிலைக்கென்றே உள்ள கூடுதல் முன்தள்ளல் அது. அது இல்லாமல் நெடுந்தூர ஓட்டத்தில் பெற்றோல் கூடுதலாகப் போனதில் வியப்பில்லை.

நல்ல ஸ்பிரிங் ஒன்றை அவர் தன் பழைய பேணிக்குள் தேடி எடுத்தார். மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்களைச் செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பிய நாட்டில், இந்தச் சிறு ஸ்பிரிங்குக்குப் பேணியைத் துழாவ வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.

இதன் பிறகுதான் டைமிங். ஒன்றாம் பிஸ்டனை அமுக்க ஓட்டத்தில் கையேட்டிலுள்ள பாகைக்குக் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் வயர் முனைக்கும் உடலுக்கும் இடையில் இன்டிகேட்டர் பல்ப் ஒன்றைத் தொடுத்து, சாவியைப் போட்டு, பல்ப் எரியத் தொடங்கும் அந்த இடத்தில், அதாவது பொயின்ட் திறக்கும் கணத்தில், இறுக்கினார். இந்த எஞ்சினில் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும்; ஆகவே உடலை வலஞ்சுழியாகத் திருப்பினால் பொறி முந்தும். பிளக் வயர்கள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் இருக்கின்றனவா என்பதையும் விரல் வைத்து எண்ணினார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு லைட் பிடித்தார். வெள்ளைப் பொட்டு நீண்ட பல்லுக்கும் 5 பாகைப் பல்லுக்கும் இடையில் அசையாமல் நின்றது. எஞ்சினை உயர்த்தினால் சீராக முன்னே நகர்ந்து, விட்டால் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. முன்பு துள்ளியதைப் பார்த்த கண்ணுக்கு அது அழகான காட்சி.

ஒரு விடயத்துக்காக அவரைத் தனியாகப் பாராட்ட வேண்டும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் நுணுக்கமாகத் திருத்துவதற்கென்று ஒரு சிறிய திருகாணி உண்டு. பக்கத்தில் முந்தலுக்கும் பிந்தலுக்குமாக ஏ, ஆர் என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். என்னுடையது துருவில் இறுகி, அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. அவர் அதை எண்ணெய் விட்டு இளக்கி, அளவின் நடுவில் நிறுத்திய பிறகே பெரிய இறுக்கியை இறுக்கினார். இனிச் சிறு திருத்தங்களுக்கு ஸ்பனரே தேவையில்லை.

வீதிச் சோதனைக்கு அவரும் வந்தார். நான் கோட்டை ஏற்றத்தையே கேட்டேன். தாங்கியில் இப்போது ஒக்டேன் 92. வாசலில் வேகத்தைக் குறைத்து, மூன்றாம் கியரிலேயே காலை அழுத்தியபோது, பாதி ஏற்றத்தில் இரண்டொரு தட்டல் கேட்டது. நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்தத் திருகாணியை ஆர் பக்கம் சில கிளிக் திருப்பினார். கீழே வந்து மறுபடி ஏறினோம். சத்தமில்லை. "கையேடு எழுதின காலத்துப் பெற்றோல் வேற, இப்பத்தப் பெற்றோல் வேற தம்பி. லைட் வீதி வரைக்கும் கூட்டிக்கொண்டு வரும், மிச்சத்தை ஏற்றத்தில தான் பாக்க வேணும்," என்றார். மேலே கோயிலடியில் எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தேன். ஸ்டார்ட்டர் ஒரே மூச்சில் சுற்றியது.

இனிக் குறைகளைச் சொல்ல வேண்டும். கூலி 4,500 ரூபாய்; பொயின்டும் கண்டென்சரும் தனி. முதல் கராஜில் 1,500தான் கொடுத்தேன். மூன்று மடங்கு என்பது யோசிக்க வைக்கும் தொகை. ஆனால் முதலாவது 1,500ஐ நான் வீணாகக் கொடுத்தேன் என்பதையும், அதற்குப் பிறகு மாதக்கணக்காக 95க்குக் கொடுத்த மேலதிகக் காசையும் கணக்கில் எடுத்தால் இது மலிவு. காத்திருப்பதற்கு நிழலோ கதிரையோ இல்லை. தொலைபேசியில் நேரம் வாங்கிக்கொண்டு போனாலும் முன்னால் ஒரு முச்சக்கர வண்டி கட்டாயம் நிற்கும். பற்றுச்சீட்டுக் கேட்டால் கொப்பித் தாளைக் கிழித்து எழுதித் தருகிறார். கலவையை அளக்கும் கருவி எதுவும் இல்லை, எஸ்.யு. காபரேட்டரின் பிஸ்டனை ஊசியால் சிறிது உயர்த்தி, எஞ்சின் ஓசை மாறுவதைக் கேட்டே கலவையை வைக்கிறார். டைமிங்குக்குக் காதை நம்பாதவர் கலவைக்கு மட்டும் காதை நம்புவது எனக்கு முழுத் திருப்தி தரவில்லை, எஸ்.யு.வுக்கு அது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான் என்றாலும்.

அவர் பூட்டிய புதிய பொயின்டும் தரமானதாக இல்லை. 500 கிலோமீற்றர் ஓடிய பின் கொண்டுவரச் சொல்லியிருந்தார். போனபோது, பொயின்டைத் திறக்கும் காமில் உரசும் சிறு கட்டை தேய்ந்து, 15 தவ் இடைவெளி 12 ஆகியிருந்தது. இழுவை சற்று மந்தமானது போல எனக்கு ஏற்கனவே பட்டிருந்தது. பொறி பிந்தியிருந்ததால் அது சரியே. இடைவெளியைத் திருத்தி, காமில் கிரீஸ் தடவி, மறுபடி லைட் பிடித்துக் காட்டினார். அதற்குக் காசு வாங்கவில்லை. ஆனாலும் நல்ல பொயின்ட் கிடைத்தால் நாங்களே வாங்கிக்கொண்டு போவது நல்லது.

நிசான் சனி, லான்சர், கொரோலா போன்ற ஜப்பான் காபரேட்டர் கார்களுக்கும் இதே வேலையைச் செய்கிறார். பெரும்பாலானவற்றில் குறிகள் மேலிருந்தே தெரியும் என்பதால் நேரமும் கூலியும் குறையும். போகிறவர்கள் காலையிலேயே போவது நல்லது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குப் பிறகு வேலை தொடங்குவதில்லை. வேறு எதையும் திருத்தும்படி சேர்த்துச் சொல்லாதீர்கள், ஒரே நாளில் இரண்டு வேலை அவருக்குப் பிடிக்காது.

என் காரில் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்து, பக்கவாட்டில் சிறு ஆட்டம் இருக்கிறது. அதனால் நான்கு சிலிண்டருக்கும் பொறி ஒரே அளவான இடைவெளியில் விழாது. லேத்தில் புதிய புஷ் கடைந்து போடலாம், அல்லது பொயின்டை நீக்கிவிட்டு மின்னணுப் பொறித் தொகுதி பூட்டலாம் என்று இரண்டு வழி சொன்னார். இரண்டாவதானால், நேர்முனை உடலோடு சேர்ந்த கார்களுக்கென்று தனியாகச் செய்த தொகுதியைத்தான் வாங்க வேண்டும், மற்றது பூட்டிய கணமே எரிந்துவிடும் என்று இரண்டு முறை எச்சரித்தார். நான் புஷ்ஷையே போடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கழற்றிக் கொடுத்தால் திரும்பி வர ஒரு கிழமை ஆகுமாம்.